வியன்னா போகாத ஒப்ரென்

புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வியன்னாவுக்குப் போகப்போவதாக ஒப்ரென் ரொட்டிக்கடையில் சொன்னபோது, கடைக்காரி மாவுக்கையோடு அப்படியே நின்றுவிட்டாள். வால்யெவோ ஊரில் தன் குடும்பத்துப் புனிதரின் நாளன்று எவனும் வீட்டைவிட்டு நகர மாட்டான். செத்தவன் வேண்டுமானால் நகர்வான், அதுவும் நாலு பேர் தூக்கினால்.

ஸ்லாவா என்கிற அந்தக் குடும்பத் திருநாள் அப்படி. அதற்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை. அழைக்காமலே வருவதுதான் முறை. தெரிந்தவன் வருவான், தெரிந்தவனுக்குத் தெரிந்தவனும் ஒரு பாட்டில் ஒயினைக் கையில் பிடித்துக்கொண்டு வருவான். வாசலுக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டுக்காரன் அன்று முழுக்க உட்காராமல் பரிமாற வேண்டும். அழைக்காமல் வருகிறவர்களிடம் வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அதற்காகத்தான் ஒப்ரென் வியன்னாவைக் கண்டுபிடித்தான். அங்கே மனைவியின் தங்கை இருக்கிறாள் என்பது மட்டும் உண்மை.

ஒப்ரென் யார் என்று எங்கள் ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். நாட்டு ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பராக இருந்தவன். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம்; கைகளை விரித்தால் கம்பத்துக்குக் கம்பம் எட்டும். ஜெர்மனியில் ஆடினான், ஸ்பெயினில் ஆடினான், நன்றாகவே சம்பாதித்தான். அந்த நாட்களில் அவன் வீட்டு ஸ்லாவா என்றால் தெருவில் கார் நிறுத்த இடம் இருக்காது. மீன் வேனில் வந்து இறங்கும். வாசலில் ஒரு இசைக்குழு, கூடத்தில் இன்னொரு இசைக்குழு, நடுவில் அண்டை வீட்டு நாய்கள் வேறு.

பிறகு தோள் கிழிந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க யாரும் வரவில்லை. ஊருக்குத் திரும்பினான். பாவி மனுஷன், அவனுக்குத் தடுக்கத் தெரிந்தது பந்தை மட்டும்தான். கேட்டு வந்தவன் ஒருவனையும் தடுத்ததில்லை. சித்தப்பா மகனுக்குப் பழக் கிடங்கு, மாமனுக்கு டிராக்டர், பழைய பயிற்சியாளரின் மகளுக்குக் கல்யாணம் என்று வந்ததெல்லாம் போனது. ஆனாலும் அதோடு நின்றிருந்தால் வீடாவது மிஞ்சியிருக்கும். மிச்சத்தை முழுங்கியவன் ரான்கோ.

ரான்கோ அவனுக்குக் கூம். கல்யாணத்தில் பக்கத்தில் சாட்சியாக நின்றவன், இப்போது வெளியூரில் படிக்கிற மகளுக்குத் தேவாலயத்தில் பெயர் வைத்தவன். கூடப் பிறந்தவனோடுகூடச் சண்டை போடலாம், கூமோடு முகம் திருப்பக் கூடாது என்பார்கள். அந்த ரான்கோ ஆற்றங்கரையில் ஒரு உணவகம் திறக்க வங்கியில் கடன் கேட்டான். ஒப்ரென் தன் வீட்டை ஈடாக வைத்துக் கையெழுத்துப் போட்டான். தாளைப் படித்துப் பார்த்தானா? கூம் நீட்டிய தாளைப் படிப்பது என்றால் கூமைச் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தம். எங்களிடம் இப்படி ஒரு மடத்தனம் உண்டு, அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மரியாதை. உணவகம் இரண்டு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. ரான்கோ ஸ்லொவேனியாவுக்கு ஓடிவிட்டான். அவன் தொலைபேசி எண்ணும் செத்துப்போனது. கடன் மட்டும் உயிரோடு ஒப்ரென் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வங்கியில் கடைசியாக ஒன்று சொன்னார்கள். வீட்டில் ஒருவருக்காவது நிரந்தரச் சம்பள வேலை இருந்தால், கடனை நீட்டி, மாதாமாதம் கட்டுகிற மாதிரி மாற்றித் தரலாம். இல்லாவிட்டால் வசந்தத்தில் வீடு ஏலத்துக்குப் போகும். மனைவி யாகொதா துணிக்கடையில் பார்ப்பது அன்றாடக் கூலி, அது கணக்கில் சேராது.

வேலை ஒன்று இல்லாமல் இல்லை. ஊர் விளையாட்டு அரங்கத்தின் நிர்வாகி ஸாகோர்கா, அவளும் ஒருகாலத்தில் பெண்கள் அணியில் ஆடியவள்தான், நேராக அவனிடம் வந்து கேட்டாள். அரங்கத்தைப் பெருக்கித் துடைக்க, பாய்லரைப் பார்த்துக்கொள்ள, கதவு திறந்து மூட ஒரு ஆள் வேண்டும். சம்பளம் கொஞ்சம்தான், ஆனால் நிரந்தரம். ஒப்ரென் என்ன சொன்னான் தெரியுமா? தொழில் ஒன்று ஆரம்பிக்கிற யோசனையில் இருப்பதாகச் சொன்னான். விழுந்தவன் மீசையில் மண் ஒட்டவில்லை என்றானாம். அந்த அரங்கத்தின் நுழைவாயிலில் அவன் பந்தைத் தடுக்கிற படம் கதவு அளவுக்குத் தொங்குகிறது. அதற்கு நேர் கீழேதான் துடைப்பம் வைக்கிற அலமாரி. அந்தப் படத்துக்குக் கீழே துடைப்பத்தோடு நிற்பதைவிட வீடே போகட்டும் என்று அவன் நினைத்தான். நினைத்ததோடு விடாமல் யாகொதாவிடம் சொல்லியும் தொலைத்தான். அன்றிலிருந்து அவள் அவனிடம் தேவைக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஸாகோர்கா திருநாள் வரை பொறுப்பதாகவும், அதற்குப் பிறகு வேறு ஆளைப் போட்டுவிடப் போவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

திருநாள் விடிந்தது. ஒப்ரென் எல்லா ஜன்னல் ஷட்டர்களையும் கீழே இறக்கினான். வெளியே பனி. உள்ளே கூடம் மொட்டையாகக் கிடந்தது. தோல் சோபா போய்விட்டது, தொலைக்காட்சி போய்விட்டது, கோப்பைகள் வைத்திருந்த கண்ணாடி அலமாரியும் போய்விட்டது. ஒரு மேசை, அதைச் சுற்றி ஒன்றோடொன்று பொருந்தாத சில நாற்காலிகள். இதை ஊர் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை நாடகமும்.

நாடகத்தில் சேர யாகொதா ஒப்பவில்லை. வெள்ளை பீன்ஸை வெங்காயத்தோடு மண்சட்டியில் போட்டு முந்தின நாளே அடுப்புக்குள் தள்ளியிருந்தாள். விரதக் காலத்தில் வருகிற திருநாள் என்பதால் கறி, பால், முட்டை கிடையாது, மீன் உண்டு. கையில் இருந்ததற்குக் கிடைத்த சின்ன மீன்களை வறுத்து வைத்தாள். பிறகு வட்ட ரொட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் புறப்பட்டாள். பின்சந்து வழியாகப் போகலாமே! கடைத்தெரு வழியாக, எதிரில் வந்த எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போனாள். பாதிரியார் ரொட்டியில் ஒயின் ஊற்றி வெட்டித் தந்ததும், அதே வழியாகத் திரும்பி வந்தாள்.

"யாராவது பாத்தாங்களா?" என்றான் ஒப்ரென்.

"ரொட்டியத் தூக்கிட்டு நடந்தா பாக்காமயா இருப்பாங்க? எல்லாரும் பாத்தாங்க."

"நாம வியன்னால இருக்கோம்னு சொல்லியிருக்கேனே."

"வியன்னாவுக்கு நீ போ. புனிதர் இங்கதான் இருக்காரு." தீப்பெட்டியை அவன் கையில் வைத்தாள். திருநாள் மெழுகுவர்த்தியை ஏற்றுவது வீட்டுக்காரனின் வேலை. ஏற்றினான், சிலுவை போட்டுக்கொண்டான். சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மதியத்துக்குச் சற்று முன்னால் மணி அடித்தது. ஒப்ரென் அந்த நெட்டை உடம்பை மடக்கி ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டான். வெளியே பக்கத்து வீட்டு வெலிஸாரின் குரல். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அவர். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலே கடைசி சீட்டு வரை கேட்கும்.

"வீட்டுக்காரன் வியன்னா போயிட்டான், புகைபோக்கி மட்டும் புகைஞ்சுக்கிட்டு வீட்டுல இருக்கு போல" என்றார்.

சிரிப்பு எழுந்தது. ஒருவர் அல்ல, நாலைந்து பேர். போகப்போக இன்னும் சேர்ந்தார்கள். பழைய அணியில் ஆடியவர்கள், ரொட்டிக்கடைக்காரி, அவள் புருஷன். போய்விடுவார்கள் என்று ஒப்ரென் காத்திருந்தான். யாரும் போகவில்லை. ஸ்லாவா வீட்டின் வாசலிலிருந்து சாப்பிடாமல் திரும்புவது எப்படி என்று அவர்களுக்கும் தெரியாது. கொண்டுவந்த பிளம் சாராயத்தைத் தாங்களே திறந்து குளிருக்கு ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். குடித்துவிட்டு அவனைப் பற்றியே பேசினார்கள். சோபா போனதைச் சொன்னார்கள், கோப்பை அலமாரி எந்த ஊருக்குப் போனது என்று சொன்னார்கள், வங்கியில் என்ன பேசினார்கள் என்பதைக்கூட ஒருவர் சொன்னார். சோபாவை வாங்கியதே தன் மச்சான்தான் என்றார் வெலிஸார். ஸாகோர்காவின் குரலும் கேட்டது. இருட்டுகிற வரைக்கும் தான் நிற்கப்போவதாகவும், அதற்குப் பிறகு லாய்கோவட்ஸ் ஊர்க்காரன் ஒருவனுக்கு வேலை போய்விடும் என்றும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தரையில் இருந்தவனுக்குக் காது சுட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் அவனை அறுத்தது அவர்கள் பேச்சு இல்லை. இத்தனை மாதமாகத் தெருவில் கண்டபோதெல்லாம், எல்லாம் தெரிந்துகொண்டே எப்போதும்போல நலம் விசாரித்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நம்பிய பூனை அவன்தான். எழுந்து கதவைத் திறக்கலாமா என்று பார்த்தான். எழாமல் சுவரில் சாய்ந்துகொண்டான்.

அப்போது வெளியே பேச்சு சட்டென்று நின்றது.

"வந்துட்டான் பாரு" என்றார் வெலிஸார். குரலில் சிரிப்பு இல்லை.

ஷட்டர் இடுக்கு வழியாக ஒப்ரென் பார்த்தான். ரான்கோ. புதுக் கோட்டு, கையில் ஒரு ஒயின் பாட்டில். கூமின் ஸ்லாவாவுக்கு வந்திருப்பதாகச் சொன்னான். கூட்டம் வழி விடவில்லை. ஒருவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். இன்னொருவன் பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தான். இந்த வாசலை மிதிக்க உனக்கு என்ன தைரியம், வந்த வழியே போ என்று ரொட்டிக்கடைக்காரிகூட ஏசினாள். ரான்கோ போகாமல் பனியில் நின்றான்.

ரான்கோ கையில் கிடைத்தால் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று ஒப்ரென் மாதக்கணக்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். அத்தனையும் இப்போது தொண்டைக்கு வந்தது. ஆனால் கூடவே இன்னொரு கோபமும் வந்தது. இது யாருடைய வாசல்? தன் புனிதரின் நாளில், தன் வாசலுக்கு வந்தவனை வேறு யாரோ துரத்துவதா? அப்படி நடந்தால் அப்புறம் தான் இந்த வீட்டுக்கு யார்? எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. கதவைத் திறந்து வெறும் சட்டையோடு படியில் போய் நின்றான்.

"நான் இருக்கும்போது என் வாசல்லேர்ந்து யாரும் யாரையும் போகச் சொல்லாதீங்க" என்றான்.

வெலிஸார் தொப்பியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "நீ வியன்னால இல்ல இருக்கே, தம்பி?"

"வண்டி கிடைக்கல. உள்ள வாங்க" என்றான் ஒப்ரென்.

வந்தார்கள். மொட்டைக் கூடத்தைப் பார்த்தார்கள். பிறகு வெலிஸார் தன் வீட்டுக்குப் போய் ஒரு நீள பெஞ்சைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். யாகொதா திருநாளுக்கென்று வேகவைத்த இனிப்புக் கோதுமைக் கிண்ணத்தை நீட்ட, ஒவ்வொருவரும் சிலுவை போட்டு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். பீன்ஸ் சட்டியைத் திறந்ததும் கூடம் முழுக்க மணந்தது. இத்தனை பேருக்கு மீன் போதாது என்பதால் ரொட்டிக்கடைக்காரி தன் பங்கைப் பாதியாக்கிப் பக்கத்திலிருப்பவனின் தட்டில் வைத்தாள். ஒப்ரென் முறைப்படி நின்றபடியே பரிமாறினான். முகம் சிவந்திருந்தது.

ரான்கோவுக்கும் தட்டு கிடைத்தது. அவன் அதைத் தொடவில்லை. சுவரோரமாக நின்று எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடிப்போனவன் வெறுங்கையோடு திரும்பவில்லை என்று ஆரம்பித்தான். நோவி ஸாத் நகரத்தில் ஹேண்ட்பால் பயிற்சிக்கூடம் ஒன்று வரப்போகிறது. ஸ்லொவேனியாக்காரர்கள் இருவர் பணம் போடுகிறார்கள். பெயர் பலகையில் ஒப்ரென் பெயர், இயக்குநர் நாற்காலியில் ஒப்ரென். பழைய கடனைக்கூட அதில் வருகிற லாபத்தில் அடைத்துவிடலாம். கோட்டுக்குள்ளிருந்து தாள்களை எடுத்து மேசையில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தான்.

"உன்னத் துடைப்பம் பிடிக்கச் சொன்னாங்களாமே, கூமே. நான் உயிரோட இருக்கும்போது அத விடுவேனா? ஒரே ஒரு கையெழுத்துதான்."

ரான்கோ ஏமாற்றுக்காரன் இல்லை, அதுதான் அவனோடு கஷ்டமே. அவன் சொல்வதை முதலில் நம்புகிறவன் அவன்தான். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் நின்றது.

பொய் சொல்வானேன், இயக்குநர் என்ற சொல் ஒப்ரெனுக்குத் தேனாக இனித்தது. கழுத்தில் விசிலோடு, பயிற்சி உடுப்பில் நிற்கிற தன்னை அவன் பார்த்துவிட்டான். துடைப்பம் இல்லை, அலமாரி இல்லை. அந்த ஒரு கணத்தில் பேனாவை யாராவது கையில் கொடுத்திருந்தால் போட்டிருப்பான். யாகொதா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போன தடவை சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிப் பார்த்தவள் அவள். இந்தத் தடவை அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் அப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்க ஒப்ரெனுக்குப் பயமாக இருந்தது. வீடு போனால் இவள் எங்கே நிற்பாள் என்று முதல்முறையாகக் கேட்டுக்கொண்டான்.

"முடியாது, கூமே" என்றான்.

ரான்கோவுக்குப் புரியவில்லை. "என்ன முடியாது?"

"கையெழுத்து. போட மாட்டேன்."

கூமைப் பார்த்து ஒருவன் இப்படிச் சொல்லி அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. வெலிஸார் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் வானம் இடிந்து விழவில்லை. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருந்தது. பீன்ஸ் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஸாகோர்கா பக்கம் திரும்பினான்.

"அந்த வேலை இன்னும் இருக்கா?"

"எந்த வேலை?" என்றாள் ஸாகோர்கா. வாய் நிறைய ரொட்டி. "நீ ஏதோ தொழில் ஆரம்பிக்கிறதா சொன்னியே."

"பொய் சொன்னேன். கையில ஒண்ணும் இல்ல. வீடு போகப் போகுது. எனக்கு அந்த வேலை வேணும்."

ஸாகோர்கா ரொட்டியை மென்று முழுங்கினாள். "காலையில ஆறு மணிக்கு வந்துடு. பாய்லர் சூடாகலேன்னா ஆட வர்ற பொண்ணுங்க என்னத் திட்டுவாங்க, நான் உன்னத் திட்டுவேன்."

"மாசச் சம்பளம், நிரந்தரம்னு தாள்ல எழுதித் தருவியா?" என்று யாகொதா கேட்டாள். "பேங்க்ல காட்டணும்."

திங்கட்கிழமை கையெழுத்தோடு தருவதாகச் சொன்னாள் ஸாகோர்கா. யாகொதா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அழுதாளா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கைதட்டுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள் என்று நினைத்தால் எங்கள் ஊரைத் தெரியாது என்று அர்த்தம். அரங்கத்து ஆண்கள் கழிப்பறையில் விளக்கு எரிந்து ஒரு யுகம் ஆகிறது என்று வெலிஸார் ஆரம்பித்தார். குளியலறையில் சுடுதண்ணீர் வருவதற்குள் மேட்சே முடிந்துவிடுகிறது என்றான் பழைய அணிக்காரன் ஒருவன். தன் பிள்ளை இடது ஓரத்துத் தரையில் வழுக்கி விழுந்ததை ரொட்டிக்கடைக்காரி சொன்னாள், கூரைதான் ஒழுகுகிறது என்றாள். ஆளாளுக்கு ஒரு குறை. ஒப்ரென் பரிமாறிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அந்தக் கூரை எங்கே ஒழுகும் என்று அவனுக்குத் தெரியும், ஜெர்மனிக்குப் போவதற்கு முன்னால் அதே இடத்தில் அவனும் வழுக்கி விழுந்திருக்கிறான். இடையில் தானே சிரித்துவிட்டான். கூடத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ரான்கோ தாள்களை மடித்துக் கோட்டுக்குள் வைத்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான். ஒப்ரென் வழியில் வந்து நின்றான். பந்து வரும் பக்கத்தை முன்கூட்டியே பார்த்து நகர்கிற பழைய பழக்கம்.

"தட்டு அப்படியே இருக்கு" என்றான்.

"எனக்கு இறங்காது. நான் கிளம்பறேன்." ரான்கோ தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "என் மேல கோவமா, கூமே?"

"கோவம்தான். ரொம்பக் கோவம். உன்ன நினைச்சு எத்தனை ராத்திரி பல்லக் கடிச்சிருக்கேன்னு உனக்குத் தெரியாது. இது எப்ப தீரும்னு எனக்கே தெரியல." ஒப்ரென் தட்டை எடுத்து அவன் கையில் வைத்தான். "ஆனா இன்னைக்கு என் வீட்டுலேர்ந்து நீ பசியோட போகக் கூடாது. உக்காரு."

ரான்கோ நகரவில்லை. வெலிஸார் அவனை ஏறிட்டும் பார்க்காமல், பெஞ்சில் இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு ஆள் உட்கார இடம் வந்தது. ரான்கோ அதில் போய் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டான். முதல் கவளம் உள்ளே போனதும் அவன் கண்கள் பெருகின. துடைக்காமல் சாப்பிட்டான். தட்டு காலியானதும், ஒப்ரென் நின்றபடியே குனிந்து இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டான்.